கேள்வித்தாளா, தணிக்கையா, தொழிலாளர்களிடமே கேட்பதா, கொள்முதலை மாற்றுவதா? கட்டுமானப் பொருள் வணிகத்தில் கொத்தடிமையைத் தடுக்க எதில் முதலில் பணம் போடுவது

சிமென்ட், செங்கல், கல், டைல்ஸ், கம்பி, பிவிசி குழாய், அலுமினியச் சட்டம் என்று வாங்கி விற்கும் நடுத்தர நிறுவனங்களுக்கு இப்போதெல்லாம் பெரிய ஒப்பந்ததாரர்களிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: "உங்களுக்குப் பொருள் வரும் வழியில் கட்டாய உழைப்பு இல்லை என்பதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?" பதில் எழுத வேண்டிய கொள்முதல் மேலாளர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே ஆண்டில் செய்யக் காசும் இருக்காது, ஆளும் இருக்காது.

கடிதம் அனுப்புகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் 54-ஆம் பிரிவில், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் 2018 சட்டத்தில் வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஜெர்மனியில் 2023 முதலும் கனடாவில் 2024 முதலும் இதே திசையில் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பெரியவர்கள் மேல் விழுந்த கடமை சின்னவர்களின் மேசைக்குக் கேள்வித்தாளாக இறங்கி வருகிறது. அமெரிக்காவுக்குப் பொருள் போனால் இன்னும் கடுமை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டப்படி, சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் முழுதாகவோ பகுதியாகவோ தயாரான எதுவும் கட்டாய உழைப்பில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பாடு. 2024-இல் அலுமினியமும் பிவிசியும் அந்தச் சட்டத்தை முதலில் அமல்படுத்த வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே நம் கிடங்குச் சரக்கு.

## எதை வைத்து எடை போடுவது

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 1930-ஆம் ஆண்டு 29-ஆம் உடன்படிக்கை கட்டாய உழைப்புக்கு இரண்டு அடையாளம் வைத்தது: தண்டனை வருமென்ற மிரட்டல் இருக்க வேண்டும், தொழிலாளி தானாக விரும்பி வந்திருக்கக் கூடாது. பிற்பாடு அதே அமைப்பு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டது. கட்டுமானப் பொருள் தொழிலில் அடிக்கடி தலைகாட்டுபவை நான்கு: கடன் பிணை (வாங்கிய கடன் தீரும்வரை வேலையை விட முடியாதபடி கட்டிவைப்பது), அடையாள ஆவணத்தைப் பிடித்துவைப்பது, கூலியை நிறுத்திவைப்பது, ஒன்றைச் சொல்லி வேறு வேலைக்குக் கூட்டி வருவது. நான்கிற்கும் வேர் ஆள் பிடிக்கிற இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையின் இயந்திரக் கூடத்தை எவ்வளவு நேரம் சுற்றிப் பார்த்தாலும் கடன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எந்த வழியையும் இந்த ஐந்து கேள்விகளால் அளக்கலாம்:

1. ஆலை வாசலைத் தாண்டி, ஆள் அனுப்பிய தரகர் வரை போகிறதா?
2. தொழிலாளி பயமில்லாமல் பேச இடம் இருக்கிறதா?
3. ஏதாவது தெரியவந்தால், சரிசெய்யும் பிடி நம் கையில் இருக்கிறதா?
4. செலவு யார் தலையில் விழுகிறது? கடைசியில் தொழிலாளியின் கூலியிலிருந்தே எடுக்கப்படுகிறதா?
5. கிடைத்த தகவல் எத்தனை நாளில் பழசாகிறது?

| | கேள்வித்தாளும் ஒப்பந்த ஷரத்தும் | வெளியார் தணிக்கை, சான்றிதழ் | தொழிலாளர்களிடமே கேட்பது | கொள்முதலை மாற்றுவது |
|---|---|---|---|---|
| தரகர் வரை போகுமா | கேள்வி சரியாக இருந்தால் ஓரளவு | கேட்டு வாங்கினால் மட்டும் | போகும் | போகும், மெதுவாக |
| பயமில்லாத பேச்சு | இல்லை | குறைவு | அதிகம் | நேரடியாக இல்லை |
| சரிசெய்யும் பிடி | ஷரத்தைப் பொறுத்து | குறைவு | நம் பின்தொடரலைப் பொறுத்து | அதிகம் |
| வெளியே தெரியும் செலவு | மிகக் குறைவு | அதிகம், பெரும்பாலும் சப்ளையர் தலையில் | நடுத்தரம் | பொருள் விலையில் |
| மறைந்திருக்கும் செலவு | பொய்ப் பதில் தரும் நிம்மதி | ஒத்திகை, இரட்டைப் பேரேடு | பழிவாங்கல் ஆபத்து | விற்பனைப் பிரிவோடு சண்டை |
| பழசாகும் வேகம் | பதில் வந்த அன்றே | தணிக்கை முடிந்த மறுவாரம் | தொடர்ந்து புதிது | ஒப்பந்தக் காலம் முழுதும் நிற்கும் |

## எந்த வழியானாலும் முதல் நாள் வேலை சொந்த யார்டில்

சப்ளையரைக் கேட்கும் முன் உங்கள் யார்டில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள், இரவுக் காவலர்கள், துப்புரவு ஆட்கள், லாரியில் வரும் உதவியாளர்கள் யார் மூலமாக வந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்சி. இதற்குத் தணிக்கையாளர் தேவையில்லை, ஏஜென்சியின் பில் ஒன்றே போதும். ஒரு மணிநேரத்துக்கு அவர்கள் போடும் ரேட்டிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைக் கழியுங்கள். முதலாளி கட்ட வேண்டிய காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, விடுப்புக்கான தொகை, சீருடை, போக்குவரத்து இவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஏஜென்சியின் லாபம். மிச்சம் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்தால், அந்த ரேட்டுக்கு நேர்மையாக ஆள் அனுப்ப முடியாது. யாரோ ஒருவர் கூலியில் கை வைக்கிறார்கள், அல்லது தொழிலாளியிடமே "வேலை வாங்கிக் கொடுத்த" பணம் வசூலாகிறது.

பிறகு சம்பளம் போகும் வங்கிக் கணக்குகளைப் பாருங்கள். இரண்டு, மூன்று பேருக்கு ஒரே கணக்கு எண்ணோ, பலருக்கு ஒரே முகவரியோ கைபேசி எண்ணோ இருந்தால் அதுவே விசாரணைக்குப் போதும். ஒரே வீட்டு முகவரியில் பத்துப் பேர் இருந்தால் அது ஏஜென்சி கொடுத்த தங்குமிடமாக இருக்கலாம், குற்றம் என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். வாடகை எவ்வளவு பிடிக்கிறார்கள், வேலையை விட்டால் அன்றே காலி செய்ய வேண்டுமா என்று கேளுங்கள்.

## வழி ஒன்று: கேள்வித்தாளும் ஒப்பந்த ஷரத்தும்

மலிவு, வேகம். நூறு சப்ளையர்களுக்கு ஒரே வாரத்தில் அனுப்பிவிடலாம். இதன் பலவீனம் கேள்வியிலேயே இருக்கிறது. "உங்களிடம் கட்டாய உழைப்பு உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அலுவலக உதவியாளர் ஒரே மதியத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்து அனுப்பிவிடுவார். வணிகர் மூலம் வாங்கும் சரக்கில் பதில் சொல்வது வணிகர்தான், ஆலைக்காரர் இல்லை.

ஆம், இல்லை என்று பதில் வராத கேள்வியாகக் கேளுங்கள்:

- கடந்த ஆறு மாதத்தில் ஆள் அனுப்பிய தரகர்கள், ஏஜென்சிகள் யார்? உரிம எண் என்ன?
- ஒரு ஆளுக்குத் தரகுக் கட்டணம் எவ்வளவு, யார் கொடுத்தது, ரசீது எங்கே?
- பயணச் செலவு, மருத்துவப் பரிசோதனை, விசா, பயிற்சி இவற்றில் தொழிலாளி தலையில் விழுந்தது எது?
- கூலியில் பிடித்தங்கள் என்னென்ன? ஒரு மாதச் சம்பளப் பட்டியலைப் பெயர்களை மறைத்து அனுப்புங்கள்.
- வெளியில் கொடுத்துச் செய்யும் வேலை எது, யாரிடம்?

பதிலோடு தாள் வராத கேள்வியைப் பதில் வராததாகவே கணக்கில் வையுங்கள். கடைசிக் கேள்வியில் "எதுவும் இல்லை" என்று எழுதும் ஆலையின் உற்பத்தி, அதன் இயந்திரத் திறனை மிஞ்சினால் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

ஷரத்தில் நேரும் தவறு இன்னும் மோசம். "கட்டாய உழைப்பு கண்டறியப்பட்டால் ஒப்பந்தம் உடனே ரத்து" என்று எழுதுவது கேட்க வீரமாக இருக்கும். நடப்பது வேறு: சப்ளையர் மறைக்கக் கற்றுக்கொள்கிறார், மாட்டினால் தொழிலாளிக்கு வேலையும் போகிறது, கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. பதிலாக நான்கு விஷயங்களை எழுதலாம். ஆட்சேர்ப்புச் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது, விழுந்திருந்தால் 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். எழுத்து அனுமதி இல்லாமல் வெளியில் வேலை கொடுக்கக்கூடாது. சம்பளப் பதிவேடு, தரகர் ஒப்பந்தம், தங்குமிடம் மூன்றையும் முன்னறிவிப்பின்றிப் பார்க்கலாம். குறை தெரிந்தால் முதலில் திருத்தத் திட்டம், அதை மறுத்தால்தான் ரத்து. இதே தாளில் உங்கள் தரப்பின் கடமையும் இருக்க வேண்டும்: குறித்த நாளில் பணம் தருவது.

எப்போது இது போதும்: சப்ளையர் பட்டியலே கையில் இல்லாத முதல் மூன்று மாதத்தில். எங்கே ஆபத்து அதிகம் என்று பிரித்துப் பார்க்கும் சல்லடையாக மட்டும்.

## வழி இரண்டு: வெளியார் தணிக்கையும் சான்றிதழும்

ஆலையில் தொழிலாளர் நிலையைச் சோதிக்கும் ஸ்மெட்டா தணிக்கை, தொழிலாளர் உரிமைக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ், கட்டுமானப் பொருளுக்கென்றே இருக்கும் பி.இ.எஸ். 6001 போன்றவை இந்த வகை. வாடிக்கையாளருக்கு உடனே காட்ட ஒரு தாள் கிடைக்கும். பதிவேடு, வயதுச் சான்று, மிகைநேரக் கணக்கு, அவசர வழி ஆகியவற்றைத் தேர்ந்த தணிக்கையாளர் நன்றாகவே பிடிப்பார்.

கடன் பிணையை அவர் பிடிப்பது அரிது. சிறிய ஆலையில் தணிக்கை பெரும்பாலும் ஒரு நாள் வேலை. பத்துப் பேரை ஒட்டித்தான் பேட்டி. அதுவும் மேலாளர் நடமாடும் வளாகத்துக்குள். ஊரில் வட்டிக்காரனுக்குத் தர வேண்டிய பாக்கியை முன்பின் தெரியாத ஒருவரிடம் பத்து நிமிடத்தில் யார் சொல்வார்கள்? அன்றைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு விடுமுறை கொடுத்துவிடுவதும், இரண்டு செட் வருகைப் பேரேடு வைத்திருப்பதும் பழைய தந்திரங்கள். எல்லோரும் தினமும் சரியாக எட்டு மணிக்கு வந்து சரியாக ஐந்து மணிக்குப் போனதாகச் சொல்லும் பேரேடு, கையால் பின்னர் எழுதப்பட்ட பேரேடு.

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை 2012 செப்டம்பரில் எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 கிடைத்திருந்தது. தொழில் வேறு என்றாலும் சான்றிதழ் தரும் முறை ஒன்றுதான்.

செங்கல் சூளைக்கு இந்த வழி அநேகமாகப் பொருந்தவே பொருந்தாது. தெற்காசியச் சூளைகள் மழைக்காலத்தில் ஓய்ந்துவிடும். அப்போது போகும் தணிக்கையாளர் காலியான களத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பருவத்தில் போனாலும் பார்க்க வேண்டிய தாள் வேறு. குடும்பமே முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அறுக்கிறது. கூலிப் பேரேட்டில் இருப்பதோ குடும்பத் தலைவர் பெயர் மட்டும். ஒரு பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் கல் எண்ணிக்கை ஒரு ஆள் அறுக்கக்கூடியதா என்று சூளை வேலை தெரிந்தவரிடம் கேட்டாலே மனைவியும் பிள்ளைகளும் கணக்குக்கு வெளியே உழைப்பது தெரிந்துவிடும். அந்தத் தொகையை உண்மையில் உழைத்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிடுங்கள். வாரம் தரும் செலவுக் காசு போக மீதிக் கணக்கு பருவம் முடிந்துதான் பார்க்கப்படுகிறதா, முன்பணம் கழியாவிட்டால் அடுத்த பருவத்துக்கும் வந்தாக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வந்தாக வேண்டும் என்றால் அது கடன் பிணை.

தணிக்கைதான் வேண்டுமென்றால் வாங்கும் போதே நிபந்தனை போடுங்கள்: குறித்த நாளுக்குப் பதில் நான்கு வார அவகாசத்துக்குள் எந்த நாளும் வருவது, ஒப்பந்தத் தொழிலாளர்களும் தங்குமிடமும் வரம்புக்குள் இருப்பது, பேட்டியில் பாதி வளாகத்துக்கு வெளியே நடப்பது, சான்றிதழோடு முழு அறிக்கையும் உங்கள் கைக்கு வருவது. கட்டணம் உங்களுடையதாக இருக்கட்டும். சப்ளையர் கட்டினால் அறிக்கையின் முதலாளி அவர்தான்.

எப்போது இது சிறந்தது: நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ள பெரிய ஆலை, ஆண்டு முழுதும் ஓடும் உற்பத்தி, வாடிக்கையாளர் சான்றிதழை நிபந்தனையாக்கிய டெண்டர்.

## வழி மூன்று: தொழிலாளர்களிடமே கேட்பது

குறைகேள் தொலைபேசி எண், நேரடிப் பேட்டி, தொழிற்சங்கம் அல்லது உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் வழியாகத் தொடர்பு. மேலே சொன்ன ஐந்து அளவுகோல்களில் முதல் இரண்டையும் முழுதாகத் தாங்குவது இது ஒன்றே.

பேட்டிக்குப் போகிறவர் தொழிலாளியின் மொழி பேசுபவராக இருக்க வேண்டும். மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டால் அந்தப் பேட்டியைக் குப்பையில் போடலாம். "உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இங்கே வர எவ்வளவு செலவாச்சு? அந்தப் பணம் எப்படிப் புரட்டினீங்க? இன்னும் எவ்வளவு பாக்கி? நாளைக்கே ஊருக்குப் போகணும்னா யாரைக் கேட்கணும்? பாஸ்போர்ட் யார் கையில இருக்கு?" என்று போங்கள். கடைசிக் கேள்விக்கு "பத்திரமா இருக்கட்டும்னு ஆபீஸ்ல" என்று பதில் வந்தால், கேட்டால் அதே நாளில் எந்தக் காரணமும் கேட்காமல் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

தொலைபேசி எண்ணை வாசல் பலகையில் ஒட்டுவதைவிடத் தங்குமிடக் குளியலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினால் பார்க்கிறார்கள், யாரும் கவனிக்காமல் குறித்துக்கொள்கிறார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைக்கும் ஏற்பாடு வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பேச வேண்டும். அழைப்பு சப்ளையரின் அலுவலகத்துக்குப் போகவே கூடாது.

முதல் சில மாதம் அழைப்பே வராது. அதை எல்லாம் நலம் என்று வாசிப்பது பெரிய தவறு. முதலில் வருவது சாப்பாடு, கழிவறை, மிகைநேரக் கூலி பற்றிய சின்னப் புகார்கள். அவற்றைத் தீர்த்துவைத்தால்தான் கடன், ஆவணம் பற்றிய பேச்சு வாய்க்கு வரும். தீர்த்துவைக்க ஆளில்லாத நிறுவனம் எண்ணைத் திறக்காமல் இருப்பதே நல்லது. புகார் கொடுத்துப் பதில் வராத தொழிலாளி மறுபடி எந்த எண்ணையும் நம்பமாட்டார்.

இதன் மறைந்த விலை பழிவாங்கல். ஒருவர் சொன்னதை அப்படியே சப்ளையரிடம் எடுத்துச் சென்றால் யார் சொன்னார்கள் என்று அன்று மாலையே அங்கே தெரிந்துவிடும். ஒரு புகாருக்குப் பத்துப் பேரிடமாவது பேசி, பொதுக் குறையாக மாற்றிய பிறகே வாய் திறக்க வேண்டும். பூட்டிவைப்பு, அடி, குழந்தை உழைப்பு என்றால் நிலைமை வேறு. அங்கே சப்ளையரோடு பேச்சுக்கே இடமில்லை. தொழிலாளியின் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்த நாட்டின் தொழிலாளர் துறை அல்லது காவல்துறைக்கு நேராகப் போக வேண்டும். முன்கூட்டி எச்சரித்தால் இரவோடு இரவாக ஆட்களை இடம் மாற்றிவிடுவார்கள்.

எப்போது இது சிறந்தது: புலம்பெயர்ந்தோரும் ஒப்பந்த ஆட்களும் அதிகமுள்ள சூளை, குவாரி, கல் அறுக்கும் பட்டறை, டைல்ஸ் ஆலை, சொந்த யார்டு.

## வழி நான்கு: கொள்முதலை மாற்றுவது

இதை யாரும் அடிமைமுறைத் தடுப்பு என்று பட்டியலிடுவதில்லை. வாங்கும் விதத்தில் இருந்தே பல சிக்கல் பிறக்கிறது. ஆர்டரைக் கடைசி நேரத்தில் இரட்டிப்பாக்கினால் ஆலைக்காரர் தரகரை அழைக்கிறார். பணத்தை 120 நாள் இழுத்தால் அவர் கூலியை இழுக்கிறார். ஆண்டு முடிவில், ஏற்கெனவே வாங்கி முடித்த சரக்குக்குத் தள்ளுபடி கேட்டால் அது எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டியதில்லை.

மாற்றத்தை நான்கு இடத்தில் செய்யலாம். ஒரே பொருளுக்குப் பன்னிரண்டு சப்ளையர் இருந்தால் நான்காகக் குறைத்து, இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுப்பது. விலைப்புள்ளியில் உழைப்புச் செலவையும் ஆட்சேர்ப்புச் செலவையும் தனி வரியாகக் கேட்பது, பிந்தையதில் உங்கள் பங்கை ஏற்பது. 30 நாளில் பணம். ஆர்டர் மாற்றத்துக்கு ஒரு கடைசித் தேதி.

சப்ளையர் குறைந்தால் மூலத்தைத் துரத்துவதும் சாத்தியமாகிறது. கம்பியில் இது ஏற்கெனவே பழகிய வேலைதான்: ஆலைச் சோதனைச் சான்றிலுள்ள வார்ப்பு எண்ணை வைத்து எந்த உலை என்று சொல்லிவிடுகிறோம். வலிமையைச் சோதிக்கப் பின்தொடரும் அதே தாளை இன்னும் இரண்டு படி பின்னால் கொண்டுபோனால் கச்சா இரும்பும் அதை உருக்க எரித்த மரக்கரியும் வரும். பிரேசிலில் கட்டாய உழைப்பு பதிவான இடங்களில் அந்தக் கரிச்சூளைகளும் உண்டு. பிவிசிக்கு அதன் மூலப்பொருளான ரெசினின் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், போக்குவரத்து ரசீது மூன்றையும் கேளுங்கள். அலுமினியத்துக்கு வார்ப்புக்கட்டி எங்கே உருகியது என்று கேளுங்கள். "வணிக ரகசியம்" என்று பதில் வந்தால் அந்தச் சரக்கை ஆபத்துள்ளதாகவே கருத வேண்டும்.

செலவு பொருள் விலையில் ஏறும், அதனால் சண்டை வெளியே அல்ல, உங்கள் விற்பனைப் பிரிவோடுதான். கொள்முதல் ஊழியரின் ஊக்கத்தொகை விலைக்குறைப்பை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும் வரை இந்த வழி தாளில்தான் இருக்கும். சிறு நிறுவனத்துக்கு இன்னொரு உண்மை: ஆலையின் விற்பனையில் உங்கள் பங்கு நூற்றுக்கு இரண்டு என்றால் உங்கள் நிபந்தனையை அவர் கேட்கமாட்டார். அதே ஆலையில் வாங்கும் வேறு வாங்குபவர்களோடு சேர்ந்து கேட்கும்போதுதான் எடை கூடும். சேர்ந்து பேசும்போது விலைப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போட்டிச் சட்டத்தில் சிக்கல் வரும்.

எப்போது இது சிறந்தது: ஒரு சில சப்ளையர்களிடம் பெரும்பகுதி வாங்குபவர்களுக்கும், சொந்தப் பெயரில் இறக்குமதி செய்பவர்களுக்கும்.

## எந்த நிலையில் எதை எடுப்பது

ஒரே ஒரு வழிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு மூன்றாவது, அதுவும் சொந்த யார்டிலும் ஆபத்து அதிகமுள்ள ஒரே ஒரு பொருளிலும். செங்கலோ கல்லோ விற்றால் அதில் ஆரம்பியுங்கள். சரக்கில் பெரும்பகுதி இறக்குமதியான பிவிசியும் அலுமினியமும் என்றால் நான்காவதுக்குப் போங்கள். நீங்கள் தொழிலாளியிடம் போய்ப் பேசவே முடியாத இடத்திலிருந்து அந்தச் சரக்கு வரக்கூடும். ஷின்ஜியாங்கில் சுதந்திரமான பேட்டி நடக்காது என்று பல தணிக்கை நிறுவனங்கள் 2020-இலேயே அங்கே வேலையை நிறுத்திக்கொண்டன.

வாடிக்கையாளர் சான்றிதழ் இல்லாமல் ஆர்டர் தரமாட்டேன் என்றால் இரண்டாவதைச் செய்துதான் ஆக வேண்டும். அதை அவருக்கான செலவாக எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் தடுப்பு ஏற்பாடாக எழுதாதீர்கள். முதல் வழி எல்லோருக்கும் தேவை. அதோடு நிற்பவர்களின் ஆண்டறிக்கையில்தான் "எந்தச் சம்பவமும் கண்டறியப்படவில்லை" என்ற வரி ஆண்டு தவறாமல் வருகிறது.

கண்டறிந்த பிறகு செய்வதை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள், பதற்றத்தில் எழுதினால் தவறும். யார் முடிவெடுப்பார், 48 மணி நேரத்துக்குள் யாரிடம் பேச வேண்டும், தொழிலாளி கட்டிய தரகுப் பணத்தை எந்தக் கணக்கில் வைத்துத் திருப்பித் தருவது, ரசீது இல்லாதவர்களுக்கு எந்தத் தொகையை ஏற்பது. அநேகமாக யாரிடமும் ரசீது இருக்காது. ஒரே ஊரிலிருந்து, ஒரே தரகர் மூலம், ஒரே காலத்தில் வந்தவர்கள் சொல்லும் தொகைகளை ஒப்பிட்டு ஒரு பொதுத் தொகை நிர்ணயிக்கலாம். சந்தேகம் வந்தால் கூடுதலான தொகையை எடுங்கள். பணம் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சப்ளையரை விட்டுவிட்டு அவரிடமே கேளுங்கள். கொடுத்த பணத்தை மறுநாள் மேஸ்திரி திரும்ப வசூலிப்பதும் நடக்கிறது என்பதால், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் கேட்க வேண்டும்.